வாசகர் கேள்வி–பதில்: திபெத்திய மருத்துவம் உருவான கதை

சோவா ரிக்பா என்னும் திபெத்திய மருத்துவத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், அதன் வரலாற்றைத் தொட்டவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். சித்த மருத்துவம் படிக்கும் மாணவர்களிடமிருந்து பல கேள்விகள் வந்தன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: அங்கேயும் வாதம், பித்தம், கபம் என்ற அதே மூன்றுதானே? அப்படியானால் சோவா ரிக்பா என்பது ஆயுர்வேதத்தின் திபெத்திய மொழிபெயர்ப்புதானே?

பாதி சரி. லுங், ட்ரீபா, பேகென் என்று திபெத்தியர் சொல்வது நம் வாதம், பித்தம், கபத்தைத்தான். ஆறு சுவைகள், பருவத்துக்கேற்ற உணவு, கரு வளரும் முறை என்று திபெத்திய மருத்துவத்தின் மூலநூலான க்யூஷியின் பெரும்பகுதி, வாக்படர் எழுதிய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தை ஒட்டியே போகிறது. அஷ்டாங்க ஹிருதயத்தைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்தவர் ரின்சென் சாங்போ (958–1055). ஜனார்தனர் என்ற இந்தியப் பண்டிதரை உடன் வைத்துக்கொண்டு அவர் செய்த மொழிபெயர்ப்பு இன்றும் திபெத்திய நூல்தொகுதியில் இருக்கிறது. அந்நூலுக்குச் சந்திரநந்தனர் எழுதிய பெரிய உரையும் அதே காலத்தில் போய்ச் சேர்ந்தது.

மற்றப் பாதிக்கு ஆயுர்வேதத்தில் வேர் கிடையாது. அஷ்டாங்க ஹிருதயத்தைப் புரட்டினால் நாடி பார்க்கும் அதிகாரமே இருக்காது. இந்திய மருத்துவ நூல்களில் நாடிப் பரிசோதனை தெளிவாக வருவது சார்ங்கதரரின் நூலில். அதன் காலம் 13 அல்லது 14ஆம் நூற்றாண்டு. திபெத்தியருக்கு அதற்கு முன்பே நாடி கைவந்திருந்தது, அதுவும் சீன முறையில். சீன எல்லையிலுள்ள டுன்ஹுவாங் குகையில் கிடைத்த பழைய திபெத்தியச் சுவடிகள் சில, உடம்பில் எங்கெங்கே சூடு வைக்க வேண்டும் என்று புள்ளி புள்ளியாகச் சொல்கின்றன. சிறுநீரைப் பார்த்து நோயறியும் விரிவான முறையில் பாரசீக, கிரேக்க மருத்துவத்தின் சாயல் தெரிகிறது.

திபெத்தியரே இதை மறைத்ததில்லை. 7ஆம் நூற்றாண்டில் சோங்சென் காம்போ மன்னரின் அவைக்கு இந்தியாவிலிருந்து பாரத்வாஜர், சீனத்திலிருந்து ஒருவர், மேற்கிலிருந்து கலேனோஸ் என மூன்று மருத்துவர்கள் வந்து ஒரு நூல் எழுதினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. கிரேக்க மருத்துவர் காலன் இறந்து 400 ஆண்டுக்கு மேல் கழித்து நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது. அதனால் இந்த மூவரை மூன்று ஆட்களாகக் கொள்ளாமல் மூன்று மரபுகளாகக் கொள்வதே பொருத்தம். எந்தெந்தத் திசையிலிருந்து கற்றோம் என்பதை ஒரு சமூகம் இவ்வளவு வெளிப்படையாகத் தன் வரலாற்றிலேயே எழுதி வைத்திருப்பதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

கேள்வி: திபெத்திய மருத்துவத்தின் மூலநூலான க்யூஷியைப் புத்தரே அருளியதாக ஒரு நூலில் படித்தேன். யூதோக் என்ற மருத்துவர் எழுதியதாக இன்னொரு நூலில் இருக்கிறது. எது சரி?

யூதோக் எழுதியது என்பதே எங்கள் முடிவு. ஆனால் அந்தச் சர்ச்சை பல நூற்றாண்டு ஓடியது. திபெத்திய மருத்துவ வரலாற்றில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

முதலில் நூலைப் பார்ப்போம். க்யூஷி என்பது நான்கு தந்திரங்கள், அதாவது நான்கு பகுதி நூல்கள் சேர்ந்தது: மூல தந்திரம் 6 அதிகாரம், விளக்க தந்திரம் 31, உபதேச தந்திரம் 92, இறுதித் தந்திரம் 27. மொத்தம் 156. மருத்துவ புத்தரின் நகரமான தனதுக்கில் இரண்டு முனிவர்கள் கேட்டும் சொல்லியும் நடத்தும் உரையாடலாக நூல் அமைந்திருக்கிறது. இந்த அமைப்பே ‘புத்தர் வாக்கு’ என்ற நம்பிக்கைக்கு இடம் கொடுத்தது. 8ஆம் நூற்றாண்டில் வைரோசனர் இதைச் சமஸ்கிருதத்திலிருந்து பெயர்த்தார், சாம்யே மடத்தின் தூணுக்குள் மறைத்து வைத்தார்கள், 1038இல் ட்ராபா ஙோன்ஷே அதைக் கண்டெடுத்தார், கைமாறிக் கைமாறி யூதோக் யோந்தென் கோன்போவிடம் (1126–1202) வந்தது என்பது மரபுக் கதை.

சந்தேகம் எழுப்பியவர்கள் வெளியாட்கள் அல்லர். திபெத்திய மருத்துவர்களும் துறவிகளுமே கேட்டார்கள். அவர்கள் காட்டிய சான்றுகள் நூலுக்குள்ளேயே இருந்தன. சமஸ்கிருத மூலம் எங்கும் கிடைக்கவில்லை. சமஸ்கிருதத்தில் எழுதிய நூல் என்றால் அதில் தேநீர் எப்படி வந்தது? வறுத்த பார்லி மாவான சம்பா எப்படி வந்தது? நாடி அதிகாரம் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று சீனத்து ஐந்து பூதங்களை வைத்துக் கணக்குப் போடுகிறது. இந்தியாவில் எழுதியிருந்தால் நிலம், நீர், தீ, காற்று, வெளி என்றல்லவா இருக்க வேண்டும்?

இந்தச் சான்றுகளையெல்லாம் அடுக்கி, இதை ஆக்கியவர் யூதோக்கே என்று உறுதியாக வாதாடியவர்களில் முக்கியமானவர் சுர்கார் லோட்ரோ க்யால்போ (1509–1579). அவருக்கு நூலின் மேல் இருந்த பக்தி இதனால் கொஞ்சமும் குறையவில்லை. பிரதிகளை ஒப்புநோக்கி, பிழை திருத்தி, 1546இல் ட்ராதாங் என்ற இடத்தில் மரப்பலகை அச்சாக்கியவரும் அவரே. நூலுக்குப் பேருரை எழுதும் வேலையிலும் இறங்கினார்.

ஒரு நூற்றாண்டு கழித்து, ஐந்தாம் தலாய் லாமாவின் ஆட்சிப் பொறுப்பாளரான தேசி சங்யே க்யாட்சோ (1653–1705) மறுபடியும் புத்தர் வாக்கு என்ற பக்கத்துக்கே சாய்ந்தார். அதில் அரசியல் காரணமும் இருந்தது. ஒரு புதிய அரசு நாடு முழுவதற்கும் ஒரே மருத்துவப் பாடநூலை வைக்க நினைக்கும்போது, அந்நூலுக்குக் கேள்வி கேட்க முடியாத பிறப்பிடம் இருந்தால் வசதி. ஆனாலும் 1687–88இல் அவர் எழுதிய ‘நீல வைடூரியம்’ என்ற உரையில், சுர்காரின் வேலையை நிறையவே பயன்படுத்திக்கொண்டார்.

யூதோக் எழுதினார் என்று சொல்வதால் நூலின் மதிப்பு குறையும் என்று பயப்படத் தேவையில்லை. மூன்று திசையிலிருந்து வந்த அறிவை, உயரமான குளிர்நாட்டில் வாழும் மக்களின் உணவுக்கும் நோய்க்கும் ஏற்ப 156 அதிகாரத்தில் ஒழுங்காக அடுக்கிய ஒரு மனிதரின் உழைப்பு தெய்வ வாக்கைவிட எந்த விதத்திலும் சிறியதில்லை என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: மரத்தில் நோய்களை இலைகளாக வரைந்த திபெத்திய ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். அதை எப்படிப் படிப்பது?

நீங்கள் பார்த்தது தேசி சங்யே க்யாட்சோ தம் உரைக்குத் துணையாக வரைவித்த 79 துணிச்சீலை ஓவியங்களில் ஒன்றாக இருக்கும். 1687இல் தொடங்கிய அந்த வேலை 1703 வாக்கில் முடிந்தது. முதல் ஓவியம் மருத்துவ புத்தரின் நகரம். இரண்டு, மூன்று, நான்காம் ஓவியங்கள் மரங்கள். மூன்று வேருக்கு மூன்று ஓவியம்: உடம்பின் நிலை, நோயறிதல், சிகிச்சை.

படிக்கும் முறை எளிது. வேரிலிருந்து அடிமரத்துக்கு வாருங்கள், அடிமரத்திலிருந்து கிளைக்கு, கிளையிலிருந்து இலைக்கு. நிறம்தான் திறவுகோல். நீல இலை வாதம், மஞ்சள் இலை பித்தம், வெள்ளை இலை கபம்.

நோயறிதல் மரத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று அடிமரங்கள்: பார்த்தல், தொடுதல், கேட்டல். பார்த்தலில் நாக்கும் சிறுநீரும் இரண்டு கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் வாதம், பித்தம், கபத்துக்கு ஒவ்வொன்றாக, ஆக ஆறு இலைகள். தொடுதலில் நாடிக்கு மூன்று இலைகள். கேட்டலில் மட்டும் 29 இலைகள், அதாவது வாதத்துக்கு 11, பித்தத்துக்கு 7, கபத்துக்கு 11 கேள்விகள். மொத்தம் 38. திபெத்திய மருத்துவர் நாடி பிடித்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று பரவியிருக்கும் பேச்சுக்கு இந்த மரமே பதில். 38 இலையில் 29 நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்பது.

மூன்று மரங்களையும் சேர்த்தால் 9 அடிமரம், 47 கிளை, 224 இலை. மாணவர்கள் மனப்பாடத்தை இந்த எண்ணிக்கையை வைத்தே சரிபார்ப்பார்கள். ஓர் இலை விட்டுப்போனாலும் கணக்கு உதைக்கும்.

கரு வளர்ச்சியைக் காட்டும் ஓவியத்தையும் தவறாமல் பாருங்கள். கரு முதலில் மீன், பிறகு ஆமை, பிறகு பன்றி நிலையை அடைவதாக வரைந்திருப்பார்கள். நமக்குத் தசாவதார வரிசை நினைவுக்கு வருவது இயல்பு. கர்ப்பத்தை வாரம் வாரமாக 38 வாரத்துக்கு விவரித்திருக்கிறார்கள். கருத்தரித்த நாளிலிருந்து எண்ணினால் இன்றைய மருத்துவம் சொல்லும் கணக்கும் அதுவே.

கேள்வி: சித்த மருத்துவத்திலும் மூன்று விரல், திபெத்தியத்திலும் மூன்று விரல். இரண்டும் ஒன்றா?

விரல்கள் ஒன்று, படிக்கும் பாடம் வேறு. சித்த முறையில் ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். திபெத்திய முறையில் ஒவ்வொரு விரலும் உறுப்புகளைப் படிக்கிறது. விரல்நுனியின் ஒரு பாதி ஓர் உறுப்புக்கு, மறுபாதி அதன் இணை உறுப்புக்கு. மருத்துவரின் வலக்கை விரல்கள் நோயாளியின் இடது மணிக்கட்டில் இருந்தால், ஆள்காட்டி விரலில் இதயமும் சிறுகுடலும், நடுவிரலில் மண்ணீரலும் இரைப்பையும், மோதிர விரலில் இடச் சிறுநீரகமும் இனப்பெருக்க உறுப்பும். மறுகையில் நுரையீரலும் பெருங்குடலும், கல்லீரலும் பித்தப்பையும், வலச் சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும். பெண்களுக்கு இதயத்தையும் நுரையீரலையும் கை மாற்றிப் பார்ப்பார்கள். பெண்ணின் இதய முனை மறுபக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதற்குக் காரணம் சொல்வதுண்டு. உடற்கூறு அப்படி இல்லை. திபெத்திய உரைகாரர்களுக்குள்ளேயே இதைப் பற்றி வாதம் நடந்திருக்கிறது.

செய்முறை இப்படி: மணிக்கட்டு ரேகையிலிருந்து கட்டைவிரலின் ஒரு கணு அளவு மேலே தள்ளி ஆள்காட்டி விரலை வைக்க வேண்டும். மூன்று விரல்களும் ஒரே கோட்டில், ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் தோல் வரை, நடுவிரல் சதை வரை, மோதிர விரல் எலும்பு வரை அழுத்தும். மேலே போகப் போகக் கையில் சதை கூடி நாடி ஆழத்துக்குப் போவதால் இந்த வித்தியாசம். புதிதாகப் பழகுபவர்கள் மூன்று விரலையும் ஒரே அழுத்தத்தில் வைத்துவிட்டு, மோதிர விரலில் துடிப்பே இல்லை, சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

எண்ணும்போது கடிகாரம் கிடையாது. மருத்துவரின் ஒரு மூச்சுக்கு ஐந்து துடிப்பு இருந்தால் நலம். அதற்கு மேல் போனால் சூட்டு நோய், குறைந்தால் குளிர் நோய். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால் 75 துடிப்பு, சரியாகத்தான் வருகிறது. ஆனால் மருத்துவரே மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் கணக்கு பொய்த்துப்போகும். அதனால்தான் விடியற்காலையில், இருவரும் ஓய்ந்திருக்கும்போது, வெறும் வயிற்றில் பார்க்கச் சொல்கிறது நூல்.

பருவக் கணக்கும் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் முதல் 72 நாள் ஒரு பூதத்துக்கு, கடைசி 18 நாள் மண்ணுக்கு. வசந்தத்தில் மரம் என்பதால் கல்லீரல் நாடி ஓங்கும், கோடையில் நெருப்பு என்பதால் இதய நாடி, இலையுதிர் காலத்தில் நுரையீரல், குளிரில் சிறுநீரகம், மண்ணின் நாட்களில் மண்ணீரல். பருவத்துக்குரிய ஓங்கலை நோய் என்று எடுத்துக்கொள்வதும் மாணவர்கள் சறுக்கும் இடம்தான்.

கேள்வி: நம் நீர்க்குறி, நெய்க்குறி போல அங்கேயும் உண்டா?

சிறுநீரைப் பார்த்து நோயறியும் நீர்க்குறி உண்டு, மிக விரிவாகவே. நெய்க்குறியில் நாம் எண்ணெய்த் துளி பரவும் வடிவத்தைப் பார்க்கிறோம். அவர்கள் சிறுநீரைக் குச்சியால் கலக்கி நுரையைப் பார்க்கிறார்கள். முந்தின மாலை தேநீர், மோர், மது மூன்றும் தவிர்த்து, விடிந்ததும் முதல் சிறுநீரை வெள்ளைப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். சூடாக இருக்கும்போது நிறம், ஆவி, மணம், நுரை என்ற நான்கு. வெதுவெதுப்பாக இருக்கும்போது உள்ளே மிதக்கும் கசடு, மேலே படியும் ஆடை என்ற இரண்டு. ஆறிய பின் நிறம் மாறும் நேரம், மாறும் விதம், மாறிய பின் நிலை என்ற மூன்று. ஆக ஒன்பது.

ஊற்று நீர்போல் தெளிந்து பெரிய நுரை கட்டினால் வாதம். செம்மஞ்சளாகி, ஆவியும் நாற்றமும் மிகுந்து, சின்ன நுரை எழுந்து உடனே மறைந்தால் பித்தம். வெளுத்து, மணம் குறைந்து, எச்சில்போல் நுரை தங்கினால் கபம். பாத்திரம் நிறமுள்ளதாக இருந்தாலோ, வீட்டில் பிடித்து ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தாலோ முதல் நான்கும் கையை விட்டுப்போகும். வைட்டமின் மாத்திரை சாப்பிட்டவரின் மஞ்சள் நிறத்தைப் பித்தம் என்று படிப்பதும் இன்று நடக்கும் தவறு.

கேள்வி: பனிமலை நாட்டு மருந்தில் கடுக்காய்க்கு ஏன் அவ்வளவு மரியாதை? அங்கே அது விளையாதே?

விளையாது. ஆனாலும் ‘அருரா’ என்று அவர்கள் சொல்லும் கடுக்காய் மருந்துகளின் அரசன். மருத்துவ புத்தர் வலக்கையில் ஏந்தியிருப்பதும் அதையே. தான்றிக்காயும் நெல்லிக்காயும் சேர்த்து நம் திரிபலை அப்படியே அங்கே இருக்கிறது.

‘ஆறு நல்ல மருந்துகள்’ என்று இன்னொரு தொகுதி உண்டு: இதயத்துக்குச் சாதிக்காய், உயிர்நாடிக்குக் கிராம்பு, கல்லீரலுக்குக் குங்குமப்பூ, நுரையீரலுக்கு மூங்கிலுப்பு, சிறுநீரகத்துக்கு ஏலக்காய், மண்ணீரலுக்குப் பெரிய ஏலக்காய். சாதிக்காயும் கிராம்பும் பிறந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். கடல் கடந்து இந்தியா வந்து, இமயமலைக் கணவாய் ஏறி லாசாவுக்குப் போயிருக்கின்றன. மருந்துப் பட்டியலைப் படித்தாலே வணிகப் பாதை தெரிந்துவிடும்.

தூரத்துச் சரக்கு என்பதால் மாற்றுச் சரக்கும் புகுந்தது. குங்குமப்பூவுக்குப் பதில் குசும்பாப்பூ, மூங்கிலுப்புக்குப் பதில் சுண்ணாம்பு வகைக் கனிமம். பழைய செய்முறையில் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே போன பொருள் வேறாக இருக்கலாம் என்பதைச் செய்முறைகளை ஒப்பிடுபவர்கள் மறக்கக் கூடாது. கடுக்காயைப் பொறுத்தவரை, கொட்டையை நீக்கிவிட்டே சேர்ப்பார்கள். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று நாம் சொல்வது அங்கேயும் செல்லும்.

கேள்வி: பெண் மருத்துவர்கள் இருந்தார்களா? அறுவை சிகிச்சை உண்டா?

இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லலாம். காண்ட்ரோ யாங்கார் (1907–1973) கண்புரை நீக்குவதில் பேர்பெற்றவர். பிறகு தர்மசாலாவில் லோப்சாங் டோல்மா காங்கார் (1934–1989) தலைமை மருத்துவராக இருந்தார். பெரிய அறுவை சிகிச்சை பரவலாக நிலைக்கவில்லை. குருதி வாங்குதல், சூடு வைத்தல், உச்சந்தலையில் தங்க ஊசி, மூலிகைக் குளியல் ஆகியவையே வெளிச்சிகிச்சையாக நின்றன.

கேள்வி: லாசாவின் மருத்துவக் கல்லூரி என்ன ஆயிற்று? இந்தியாவில் இந்த மருத்துவத்துக்குச் சட்ட அங்கீகாரம் உண்டா?

தேசி சங்யே க்யாட்சோ 1696இல் லாசாவின் இரும்புக் குன்றின் மேல் கட்டிய சாக்போரி கல்லூரி, 1959இல் சீனப் படையின் குண்டுவீச்சில் அழிந்தது. 13ஆம் தலாய் லாமா 1916இல் தொடங்கிய மென்சிகாங் என்ற மருத்துவ நிறுவனம் லாசாவில் தொடர்ந்தது. அதே பெயரில் 1961இல் தர்மசாலாவில் ஒரு நிறுவனம் எழுந்தது. சாக்போரி மரபு 1992இல் டார்ஜிலிங்கில் மறுபடி தொடங்கியது. இந்திய நாடாளுமன்றம் 2010இல் சட்டத்தைத் திருத்தி, ஆயுர்வேதம், சித்தம், யுனானி வரிசையில் சோவா ரிக்பாவையும் சேர்த்தது. 2019இல் லே நகரில் தேசிய நிறுவனம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

கேள்வி: பட்டுத் துணியில் சுற்றிய ‘ரின்சென்’ மாத்திரையை உறவினர் ஒருவர் வாங்கி வந்தார். அதில் பாதரசம் இருக்கிறதாமே? சாப்பிடலாமா?

ரின்சென் மாத்திரைகளில் பல வகை உண்டு. அவற்றில் சிலவற்றில் ‘சோத்தால்’ என்ற பாதரசச் சாம்பல் சேர்கிறது. இந்தச் செய்முறையைத் திபெத்துக்குக் கொண்டுவந்தவர் 13ஆம் நூற்றாண்டின் ஓர்கியென்பா ரின்சென் பால் என்பது மரபு. பாதரசத்தைப் பல நாள் தேய்த்தும் கொதிக்க வைத்தும் சுத்தி செய்து, கந்தகத்தோடும், தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு உள்ளிட்ட எட்டு உலோகங்களின் சாம்பலோடும் சேர்ப்பார்கள். நம் சித்த மருத்துவத்தில் ரசபற்பம் என்ற பாதரச மருந்து செய்பவர்களுக்கு இந்த வழி பழக்கமானதுதான். மிகுந்த ஆள்பலமும் செலவும் வேண்டும் என்பதால் அரிதாகவே செய்வார்கள். தர்மசாலாவில் 1982இல் நடந்தது.

ஆய்வுகளில் சோத்தாலிலுள்ள பாதரசம் பெரும்பாலும் பாதரச சல்பைடாக இருப்பது தெரிகிறது. இது மீனில் சேரும் மெத்தில் பாதரசத்தைவிடக் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். அதற்காக ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. சுத்தி சரியாக நடக்காத மாத்திரையையும் சரியாக நடந்ததையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. பட்டும் முத்திரையும் போட்ட போலிகள் விற்பனையில் இருக்கின்றன.

ஆகவே, மருத்துவர் நாடி பார்த்து எழுதிக் கொடுக்காத ரின்சென் மாத்திரையைப் பரிசாக வந்தது என்பதற்காகச் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் முறை இது: முந்தின இரவு பொடித்து, வெந்நீரில் ஊறவைத்து மூடிவைத்து, விடியுமுன் கலக்கிக் குடித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். மது, புளிப்பு, பச்சைக் காய், பூண்டு போன்றவற்றுக்கு மருத்துவர் சொல்லும் நாள்வரை பத்தியம். வேறு நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் அந்த மருத்துவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். நாள்பட எடுத்தவர்கள் சிறுநீரகச் செயல்பாட்டையும் ரத்தத்திலுள்ள பாதரச அளவையும் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.